12 லட்சம் வரை வரி இல்லையென்றால் ரிட்டர்ன் எதற்கு?

31 மே 2025

ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டது: “பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் சம்பளம் வருடத்துக்கு 9,60,000. சம்பளத்தில் 40 ஆயிரத்துச் சொச்சம் பிடித்திருக்கிறார்கள். மொத்தமும் திரும்ப வருமா? வராதென்றால் நான் ஏன் ரிட்டர்ன் போட வேண்டும்?”

வராது தம்பி. அந்த 12 லட்சம் 2025 ஏப்ரல் 1 முதல் வருகிற வருமானத்துக்கு. இப்போது நீங்கள் போடப்போகும் ரிட்டர்ன் 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை வாங்கிய சம்பளத்துக்கு. அந்தச் சம்பளத்துக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சொன்ன அடுக்குகள்தான். புதிய முறையில் (பழைய முறையைவிடக் கழிவுகள் குறைவு, விகிதமும் குறைவு) 3 லட்சம் வரை வரி இல்லை. 3 முதல் 7 வரை 5%, 7 முதல் 10 வரை 10%, 10 முதல் 12 வரை 15%, 12 முதல் 15 வரை 20%, அதற்கு மேல் 30%.

உங்கள் கணக்கு: 9,60,000ல் நிலையான கழிவு 75,000 போக 8,85,000. முதல் 3 லட்சம் போக அடுத்த 4 லட்சத்துக்கு 20,000. மிச்சம் 1,85,000க்கு 18,500. ஆக 38,500. செஸ் 4% சேர்த்தால் 40,040. அலுவலகத்தில் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

இதே சம்பளம் இந்த வருடமும் வந்தால், 2026ல் போடும் ரிட்டர்னில் வரி சைபர். இரண்டு வருடத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எந்த வருடத்தில் பணம் வந்ததோ அந்த வருடத்துக்கான சட்டம்தான் பேசும். நாம் கணினி முன் உட்காரும் நாளில் டிவியில் என்ன செய்தி ஓடுகிறது என்பது கணக்கில் வராது.

ரிட்டர்ன் எதற்கு என்பதற்குப் பதில்: குறிப்பிட்ட வருமானம் வரை வரியை இல்லாமல் செய்யும் 87ஏ பிரிவுத் தள்ளுபடி, வரியைக் கணக்குப் போட்ட பிறகு கிடைப்பது. புதிய முறையில் 3 லட்சம் என்ற அடிப்படை வரம்பைத் தாண்டினாலே ரிட்டர்ன் கட்டாயம். கடைசியில் கட்ட வேண்டியது சைபராக இருந்தாலும் கட்டாயம்தான்.

2 ஜூன் 2025

கடைசித் தேதி ஜூலை 31லிருந்து செப்டம்பர் 15க்குப் போய்விட்டது, மே 27 அறிவிப்பு. “அப்பாடா” என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கெல்லாம் கையிலிருந்து இன்னும் வரி கட்ட வேண்டியிருக்கிறதோ அவர்கள் அப்பாடா சொல்ல வேண்டாம். டிடிஎஸ் (முன்பே பிடித்துக் கட்டிய வரி) போக பாக்கி 10,000க்கு மேல் இருந்தால், முன்கூட்டிய வரி கட்டாததற்கான 234பி வட்டி ஏப்ரல் 1லிருந்தே மாதம் 1% ஓடிக்கொண்டிருக்கிறது. ரிட்டர்ன் தேதி நீண்டதால் அந்த வட்டி நிற்காது. பாக்கி வரும் என்று தெரிந்தால் செலானை இந்த மாதமே கட்டிவிடுங்கள், ரிட்டர்ன் பிறகு போட்டுக்கொள்ளலாம். தொழில் வருமானம் இல்லாத 60 வயது தாண்டியவர்களுக்கு முன்கூட்டிய வரி கிடையாது, அதனால் அவர்களுக்கு இந்த வட்டிப் பயம் இல்லை.

9 ஜூன் 2025

இப்போதே போட்டு முடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஜூன் பாதி வரை பொறுங்கள். மார்ச் காலாண்டுக்கான டிடிஎஸ் விவரத்தை வங்கியும் அலுவலகமும் மே 31 வரை தாக்கல் செய்யலாம். சம்பளத்துக்கான டிடிஎஸ் சான்றிதழான ஃபார்ம் 16 கொடுக்க ஜூன் 15 வரை அவகாசம். அதற்கு முன் போர்டலில் 26ஏஎஸ் (பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (வருமான விவரப் பட்டியல்) இரண்டையும் திறந்தால் பாதிதான் தெரியும். பாதியை வைத்துப் போட்ட ரிட்டர்னை மறுபடி திருத்திப் போட வேண்டிவரும்.

ஏஐஎஸ்ஸில் இல்லாத வருமானம் வருமானமே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. வங்கிக்காரர் விட்டுவிட்டாலும் வட்டி வட்டிதான். பாஸ்புக்கை எடுத்து, மார்ச் 31 வரையுள்ள சேமிப்புக் கணக்கு வட்டியைக் கூட்டுங்கள். தபால் ஆபீஸ் கணக்கு இருந்தால் அதையும் சேருங்கள்.

இன்னொன்றும் உண்டு: ஏஐஎஸ்ஸில் ஒரே வட்டி இரண்டு இடத்தில் வந்திருக்கும். கூட்டுக் கணக்கில் மனைவி பணத்துக்கு வந்த வட்டி கணவர் பான் எண்ணில் ஏறியிருக்கும். அங்கேயே பின்னூட்டம் கொடுக்க வழி இருக்கிறது. கொடுத்துவிட்டு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

21 ஜூன் 2025

ஓசூர் தம்பி மறுபடி வந்திருக்கிறார். “பழைய முறைக்குப் போனால் குறையுமா? 80சியில் (பிபிஎஃப், இன்ஷூரன்ஸ் மாதிரிச் சேமிப்பு) ஒன்றரை லட்சம் முழுசாக இருக்கிறது. மெடிக்ளெய்ம் 25,000. வாடகை மாதம் 14,000.”

போட்டுப் பார்த்தேன். உங்கள் அடிப்படைச் சம்பளம் 4,80,000 என்கிறீர்கள். வருட வாடகை 1,68,000. அதில் அடிப்படைச் சம்பளத்தின் 10%, அதாவது 48,000 போக 1,20,000. ஓசூருக்கு 40% வரம்பு 1,92,000. அலுவலகம் கொடுத்த வீட்டு வாடகைப்படியும் 1,20,000க்கு மேல் இருப்பதால் இந்த 1,20,000 கழியும்.

9,60,000லிருந்து நிலையான கழிவு 50,000 (பழைய முறையில் 75,000 கிடையாது), வாடகை 1,20,000, 80சி 1,50,000, மெடிக்ளெய்முக்கான 80டி 25,000 எல்லாம் போக 6,15,000. வரி 12,500 + 23,000 = 35,500. செஸ்ஸோடு 36,920. புதிய முறையைவிட 3,120 குறைவு.

இந்த 3,120க்காக என்னென்ன கையில் இருக்க வேண்டும் என்று பாருங்கள். இந்த வருடம் பழைய முறையில் போடுகிறவர்களிடம் ரிட்டர்ன் படிவமே நிறையக் கேட்கிறது. வாடகைப்படிக்கு வேலை செய்யும் ஊர், வாங்கிய படி, கட்டிய வாடகை, அடிப்படைச் சம்பளம் எல்லாம் தனித்தனியாக நிரப்ப வேண்டும். 80சிக்கு பாலிசி எண் அல்லது ஆவண எண். 80டிக்கு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண். கல்விக் கடன், வீட்டுக் கடன் என்றால் கடன் கணக்கு எண், கொடுத்த தேதி, மொத்தத் தொகை, பாக்கி. வாடகை வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போனால் வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுத்திருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால் பழைய முறையில் போடுங்கள், உங்கள் உரிமை. சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம், அலுவலகத்தில் புதிய முறை சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

தொழில் வருமானம் உள்ளவர்கள் அப்படிச் செய்ய முடியாது. அவர்கள் 10-ஐஇஏ படிவம் கொடுத்துத்தான் பழைய முறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து புதியதற்கு ஒருமுறை திரும்பலாம், அதற்கப்புறம் தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறை கிடையாது. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பண்ணும் பையன்களே, நீங்களும் இதில்தான் வருகிறீர்கள். அது தொழில் வருமானம்.

22 ஜூன் 2025

“அப்பாவுக்கு வாடகை கொடுப்பதாகக் காட்டலாமா?” என்று ஒரு கேள்வி. வீடு அப்பா பெயரில் இருந்து, வாடகை நிஜமாகவே அவர் கணக்குக்குப் போய், அவர் அதைத் தன் வருமானமாகக் காட்டினால் தாராளமாகக் காட்டலாம். ரசீது மட்டும் எழுதிக்கொண்டு பணம் போகவில்லை என்றால் வேண்டாம்.

12 ஜூலை 2025

மூலதன ஆதாயம் உள்ளவர்களுக்கான ஐடிஆர்-2 எக்செல் படிவம் நேற்றுத்தான் வந்தது. மனை விற்றவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்த வருடம் அதிகம் பேர் தடுமாறப் போவது இங்கேதான்.

2024 ஜூலை 23 என்ற தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு முன் விற்றிருந்தால் பழைய மாதிரியே: வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக்கொண்டு, மிஞ்சும் லாபத்துக்கு 20%. அன்றோ அதற்குப் பிறகோ விற்றிருந்தால் 12.5%, குறியீடு கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 2024 ஆகஸ்டில் எதிர்ப்பு கிளம்பிய பிறகு சேர்த்த சலுகை இது. இதைத் தெரியாமல் 12.5 என்று மட்டும் போட்டு அதிகம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

திருச்சி நண்பர் ஒருவர் “குறியீடுதான் எப்போதும் லாபம்” என்றார். அவர் தம்பி “12.5 தான் எப்போதும் லாபம்” என்றாராம். இருவருக்கும் ஒரே கணக்கில் பதில் சொல்கிறேன். 2010-11ல் வாங்கிய மனையை 2024 நவம்பரில் 20 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். 2010-11க்குக் குறியீடு 167. 2024-25க்கு 363.

வாங்கிய விலை 6 லட்சம் என்றால்: குறியீடு இல்லாமல் லாபம் 14 லட்சம், 12.5% வரி 1,75,000. குறியீடு போட்டால் வாங்கிய விலை 13,04,192 ஆகிறது, லாபம் 6,95,808, அதற்கு 20% வரி 1,39,162. குறியீடு நல்லது.

வாங்கிய விலை 3 லட்சம் என்றால்: குறியீடு இல்லாமல் 17 லட்சத்துக்கு 12.5%, 2,12,500. குறியீடு போட்டால் லாபம் 13,47,904, வரி 2,69,581. இங்கே 12.5% நல்லது.

இரண்டிலும் செஸ் தனி. அதே வருடம் வாங்கியது, அதே விலைக்கு விற்றது, பதில் மட்டும் மாறுகிறது. 2010-11ல் வாங்கியதற்கு விலை நாலு மடங்குக்குச் சற்று மேல் ஏறியிருந்தால் 12.5% பக்கம் சாயும். அவ்வளவு ஏறவில்லை என்றால் குறியீட்டுப் பக்கம் சாயும். வேறு வருடத்துக்கு இந்த மடங்கு வேறு, அதனால் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

வாங்கிய விலையோடு முத்திரைத்தாள் செலவு, பதிவுக் கட்டணம் சேரும். கிரயப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். விற்ற விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்து, வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். தாத்தா, அப்பா வழியில் வந்த மனை என்றால் அவர்கள் வாங்கிய விலைதான் உங்கள் விலை. 2001 ஏப்ரலுக்கு முந்தைய சொத்து என்றால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள்.

குறியீடு போட்டால் நஷ்டம் வருகிறது, அதைப் பங்கு லாபத்தில் கழித்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு: முடியாது. வரி சைபர் ஆகும், அவ்வளவுதான்.

13 ஜூலை 2025

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். துபாயில் இருக்கும் ஒருவர் தன் தஞ்சாவூர் மனையை டிசம்பரில் விற்றிருக்கிறார், 20% குறியீடு தனக்கு உண்டா என்கிறார். இல்லை. இந்தத் தெரிவு இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டில் வசிப்பவராகக் கணக்கில் வருகிறவருக்கு 12.5% மட்டுமே. வாங்கியவர் விலையில் 1% டிடிஎஸ் பிடித்தால் போதும் என்று நினைத்திருந்தாலும் சரியில்லை, விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் 195ஆம் பிரிவின்படி பிடிக்க வேண்டும். இதை இருவரும் உடனே ஆடிட்டரிடம் காட்டுங்கள், இந்த இழையில் தீர்க்கிற விஷயம் இல்லை.

கிராமத்து வயல் விற்றவர்கள் பதற வேண்டாம். நகராட்சி எல்லையிலிருந்து, மக்கள்தொகையைப் பொறுத்து நேர்க்கோட்டில் 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விவசாய நிலம் மூலதனச் சொத்திலேயே வராது.

16 ஜூலை 2025

முந்தாநாள் நடந்ததைப் படித்திருப்பீர்கள். நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை, பொய்க் கழிவு போட்டு ரீஃபண்ட் வாங்கித்தந்த ஏஜென்டுகள் மேல். அறிவிப்பில் தமிழ்நாட்டின் பெயரும் இருக்கிறது. கட்சி நன்கொடை, வாடகைப்படி, கல்விக் கடன் வட்டி, மருத்துவச் செலவு என்று இல்லாததை எல்லாம் எழுதியிருக்கிறார்கள். கடந்த நாலு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவை வாபஸ் வாங்கியிருக்கிறார்கள் என்று துறை சொல்கிறது.

எனக்கு வருத்தம் யார் மேல் தெரியுமா? இதில் சிக்குவது பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். ஏஜென்ட் ரீஃபண்டில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுவார், மின்னஞ்சலும் போன் எண்ணும் கூட அவருடையதைக் கொடுத்திருப்பார், நோட்டீஸ் வந்ததே சம்பளக்காரருக்குத் தெரியாது. கையெழுத்து யாருடையது? பான் யாருடையது? உங்கள் ரிட்டர்னில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள். போர்டலில் உங்கள் போன் எண்தான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

முந்தைய வருடங்களில் இப்படி ஏதாவது நடந்திருந்தால், பழைய வருட ரிட்டர்னைக் கூடுதல் வரியோடு சரிசெய்து போடும் ஐடிஆர்-யு என்ற வழி இருக்கிறது. இந்த வருட நிதிச் சட்டத்தில் அதன் கெடுவை 48 மாதமாக நீட்டியிருக்கிறார்கள். தாமதம் ஆக ஆகக் கூடுதல் வரி 25, 50, 60, 70 சதவீதம் என்று ஏறும். நோட்டீஸ் வருவதற்கு முன் நாமே போய் கட்டுவது எவ்வளவோ மேல்.

24 ஜூலை 2025

இன்று வருமான வரி நாள். 1860ல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் முதல் வருமான வரியைக் கொண்டுவந்த தேதி. 1857 கிளர்ச்சிக்குப் பின் காலியான கஜானாவை நிரப்பத்தான் இந்த வரி. நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னை மாகாண கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இந்த வரியை எதிர்த்து, தன் மறுப்பைப் பத்திரிகையில் வெளியிட்டு, அதற்காகவே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். வில்சன் அதே வருடம் ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்துபோனார்.

கேள்வி எதற்கும் இது பதில் இல்லை. சென்னையிலிருந்து இப்படி ஒரு எதிர்ப்பு போனது என்று தெரிந்தபோது மனசுக்குப் பிடித்திருந்தது, அதனால் எழுதினேன்.

3 ஆகஸ்ட் 2025

பக்கத்துத் தெரு பெரியம்மா, 71 வயது. கணவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் வருடத்துக்கு 3,60,000. எஃப்டி வட்டி 2,40,000. வங்கி 10% பிடித்து 24,000 கட்டியிருக்கிறது. “எனக்கெதுக்கு சாமி ரிட்டர்ன், அதெல்லாம் உங்க மாமா பார்த்துக்குவாங்க” என்றார். உட்கார வைத்துப் போட்டேன்.

குடும்ப ஓய்வூதியம் சம்பளத்தில் வராது, ‘இதர வருமான’த்தில் வரும். அதனால் 75,000 நிலையான கழிவு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது. பெரியம்மாவுக்கு 25,000. ஆக 5,75,000. புதிய முறையில் 7 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் வரி சைபர். 24,000ம் திரும்பும்.

பழைய முறையில் போட்டிருந்தால்? கழிவு 15,000 தான். முதியவர்களின் வட்டிக்கான 80டிடிபி (80TTB) பிரிவில் 50,000. ஆக 5,35,000. வரி 17,000, செஸ்ஸோடு 17,680. முதியவர்களுக்குப் பழைய முறைதான் என்று நம்புகிறவர்கள் இதைப் பாருங்கள். 80டிடிபி இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காகப் பழையதில் நிற்பது இப்போது பலருக்கு நஷ்டம்.

வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குச் சொல்லும் 15எச் படிவம் ஏப்ரலிலேயே கொடுத்திருந்தால் வங்கி பிடித்திருக்கவே மாட்டார்கள். அவர் வருமானத்துக்கு வரி சைபர் என்பதால் 15எச் கொடுக்கத் தகுதி உண்டு. இந்த வருடத்துக்குக் கொடுத்துவிட்டோம். 2025 ஏப்ரலிலிருந்து முதியவர்களுக்கு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் டிடிஎஸ், முன்பு 50,000. அவருக்கு அது போதாது என்பதால்தான் 15எச்.

போன வருடங்களிலும் பிடித்திருக்கிறார்கள், யாரும் ரிட்டர்ன் போடவில்லை. ஐடிஆர்-யு மூலம் ரீஃபண்ட் கேட்க முடியாது. 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம், மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதி ஆண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 5 வருடம் வரை. போடப் போகிறோம். இது அவர் பணம், விட எனக்கு மனசில்லை.

4 ஆகஸ்ட் 2025

“75 வயது தாண்டினால் ரிட்டர்னே வேண்டாமே” என்று கீழே ஒருவர். எல்லோருக்கும் இல்லை. ஓய்வூதியமும் வட்டியும் மட்டுமே வருமானம், இரண்டும் ஒரே வங்கியில், அந்த வங்கியில் 12பிபிஏ உறுதிமொழி கொடுத்து அவர்களே வரியைக் கணக்குப் போட்டுப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு வங்கியில் எஃப்டி இருந்தால் இது பொருந்தாது.

14 ஆகஸ்ட் 2025

பங்கு விற்ற பிள்ளைகளின் கேள்விகள் சேர்ந்துவிட்டன.

இங்கேயும் அதே ஜூலை 23. அதற்கு முன் விற்றதில் குறுகிய கால லாபத்துக்கு 15%, நீண்ட கால லாபத்துக்கு 10%. அன்றிலிருந்து 20%, 12.5%. நீண்ட கால லாபத்தில் 1,25,000 வரை விலக்கு, அது முழு வருடத்துக்கும் சேர்த்து ஒரே விலக்கு. படிவத்தில் இரண்டு வரிசையாகப் பிரித்துக் கேட்பார்கள். புரோக்கர் தரும் லாப அறிக்கையில் தேதிவாரியாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட கால லாபம் 1,25,000க்குள், வேறு ஆதாயமோ முன்கொண்டு வந்த நஷ்டமோ இல்லையென்றால் இந்த வருடம் முதல் ஐடிஆர்-1 போதும். இது நல்ல மாற்றம், சின்ன முதலீட்டாளர் ஐடிஆர்-2வோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்தது 87ஏ. சம்பளம், கழிவு போக 6,20,000. பங்கில் குறுகிய கால லாபம் 40,000, எல்லாம் ஆகஸ்டுக்குப் பின். மொத்தம் 6,60,000, 7 லட்சத்துக்குள்தானே, ஏன் வரி கேட்கிறது என்கிறார் ஒருவர். சம்பளத்துக்கான வரி தள்ளுபடியாகிவிட்டது. 40,000க்கு 20%, 8,000, செஸ்ஸோடு 8,320ஐ மென்பொருள் விடவில்லை. 2024 ஜூலை 5க்குப் பின் மென்பொருளை இப்படி மாற்றினார்கள். மும்பை உயர் நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில் இடைக்கால உத்தரவு வந்து, அந்த வருடத்துத் தாமத ரிட்டர்ன் தேதி 2025 ஜனவரி 15 வரை நீண்டது. என் கருத்து: அந்தச் சட்டத்தின் வாசகத்தில் குறுகிய கால லாபத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்று எங்கும் தெளிவாக எழுதவில்லை. எழுதாததை மென்பொருள் மறுப்பது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் பணத்தைக் கட்டிவிட்டு ரிட்டர்ன் போட்டு, பிறகு முறையீட்டை ஆடிட்டரோடு யோசியுங்கள். கட்டாமல் விட்டால் டிமாண்ட் வரும்.

2025-26லிருந்து இந்த வாதத்துக்கே இடமில்லை. பங்கு லாபம் மாதிரித் தனி விகித வருமானத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்று நிதிச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். 12 லட்சம் என்று நம்பிப் பங்கு விற்கும் எல்லோரும் இதை மனதில் வையுங்கள். சம்பளம் 8 லட்சம், பங்கு லாபம் 2 லட்சம் என்றால் பங்கு லாபத்துக்குக் கட்டத்தான் வேண்டும்.

23 ஆகஸ்ட் 2025

புதிய வருமான வரிச் சட்டம் 2025க்கு ஆகஸ்ட் 21 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்துவிட்டது. 536 பிரிவுகள், 16 அட்டவணைகள். 1961 சட்டம் போகிறது. உடனே இங்கே நாலு பேர்: “அப்போ இந்த ரிட்டர்னைப் புதுச் சட்டத்தில் போடலாமா?”

முடியாது. அது 2026 ஏப்ரல் 1 முதல். இப்போது போடுவதும், அடுத்த வருடம் 2025-26க்குப் போடுவதும் 1961 சட்டத்தின் கீழ்தான். 2026 ஏப்ரலிலிருந்து வரும் வருமானத்துக்குத்தான் புதியது, அதன் ரிட்டர்ன் 2027ல். அதில் ‘வரி ஆண்டு’ ஒன்றுதான், நிதி ஆண்டு வேறு மதிப்பீட்டு ஆண்டு வேறு என்ற இரட்டைக் கணக்கு போகிறது. இந்த இழையில் பாதிக் கேள்விகள் அந்த இரட்டைக் கணக்கால் வந்தவை, அதனால் மனதார வரவேற்கிறேன். செலானில் மதிப்பீட்டு ஆண்டை மாற்றிப் போட்டுவிட்டு அலைந்தவர்கள் எத்தனை பேர்.

பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. 80சி இனி 123, புதிய முறைக்கான 115பிஏசி இனி 202. பழக்கம் மாறக் கொஞ்ச நாளாகும்.

7 செப்டம்பர் 2025

ஜூனில் பழைய முறை பற்றி எழுதியதை மறுபடி படித்தேன். கணக்கு சரி. ஆனால் இந்த மூன்று மாதத்தில் பார்த்ததை வைத்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வித்தியாசம் மூவாயிரம், நாலாயிரம் என்றால் புதிய முறையிலேயே போடுங்கள். பிறகு ஒரு கேள்வி வந்து, வாடகை ரசீதையும் வங்கிப் பதிவையும் தேடி, வீட்டுக்காரரிடம் கெஞ்சி நிற்பதற்கு அந்தப் பணம் ஈடாகாது.

இதற்கு வேலூர் ஆசிரியை ஒருவர் மறுப்பு எழுதியிருக்கிறார்: சொந்த வீட்டில் குடியிருந்து, கடன் வட்டி 2 லட்சம் கட்டுகிறவருக்கு இது பொருந்தாது, புதிய முறையில் அந்த வட்டி மொத்தமும் போய்விடும் என்று. நியாயம். வீட்டுக் கடன் முழு வீச்சில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் ஐந்து இலக்கத்தில் வரலாம், அவர்கள் பழையதிலேயே நிற்கலாம். வாடகைக்கு விட்ட வீடு என்றால் புதிய முறையிலும் வட்டி கழியும், ஆனால் வாடகை வருமானம் அளவுக்குத்தான். மிச்ச நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

ஓசூர் தம்பி பழையதில்தான் போட்டாராம். எல்லா ரசீதும் ஃபைலில் இருக்கிறதாம். அப்படியென்றால் சரி.

எனக்கு இருக்கும் ஒரே கவலை, 80சி இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் பிபிஎஃப்பில் போடுவதையே விட்டுவிடுவார்களோ என்பது. வரிக்காக ஆரம்பித்த சேமிப்புதான் என் தலைமுறையில் பலருக்குக் கல்யாணச் செலவையும் வீட்டு முன்பணத்தையும் தாங்கியது. வரிச்சலுகை போனாலும் சேமிப்பை விடாதீர்கள். அலுவலகம் என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் கட்டும் பங்குக்கு, 80சிசிடி(2)ன்படி, புதிய முறையிலும் 14% வரை கழிவு உண்டு. கேட்டுப் பாருங்கள்.

14 செப்டம்பர் 2025

போர்டல் மெதுவாக இருக்கிறது. விடிகாலையில் முயலுங்கள். பழைய முறை வேண்டுவோர் நாளையைத் தாண்டவே கூடாது. கெடு தாண்டினால் தாமத ரிட்டர்ன் புதிய முறையில் மட்டுமே. வீட்டுக் கடன்காரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

16 செப்டம்பர் 2025

நேற்று இரவு கடைசி நேரத்தில் ஒரு நாள் நீட்டித்திருக்கிறார்கள், இன்று முடிகிறது. நேற்றே 7.3 கோடிக்கு மேல் ரிட்டர்ன் போய்விட்டதாம். போட்டவுடன் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பு முடியுங்கள். 30 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால் இன்று போட்டதற்கே பலன் இல்லை.

11 அக்டோபர் 2025

பெரியம்மாவுக்கு ரீஃபண்ட் வந்துவிட்டது. கொஞ்சம் வட்டியும் சேர்ந்து வந்திருக்கிறது, அந்த வட்டி இந்த வருட வருமானத்தில் சேரும்.

இன்னும் போடாதவர்களுக்கு டிசம்பர் 31 வரை வழி உண்டு. தாமதக் கட்டணம் 5,000, மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000.

ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்து பயந்து எழுதியிருப்பவர்களுக்கு: அது நோட்டீஸ் இல்லை. இடது வரிசையில் நீங்கள் எழுதியது, வலது வரிசையில் அவர்கள் கணக்கிட்டது. எந்த வரியில் இரண்டும் வேறுபடுகிறதோ அந்த ஒரு வரியை மட்டும் இங்கே எழுதுங்கள், பான் எண்ணை மறைத்துவிட்டு. நாகர்கோவில் நண்பருக்கு டிடிஎஸ் வரியில்தான் வேறுபாடு. வங்கி தாமதமாகத் தாக்கல் செய்திருக்கிறது, இப்போது 26ஏஎஸ்ஸில் ஏறிவிட்டது. 154ஆம் பிரிவில் திருத்தக் கோரிக்கை போட்டால் சரியாகிவிடும்.